வீட்டோடு ஒரு பிரயாணம்

உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கு வந்தவர்கள் நாங்கள். வந்து 33 ஆண்டுகள் ஆயின. இக்காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் எங்கள் பிரயாணம் தெற்கு நோக்கியே இருந்தது. ரயில் ஏறினால் திருநெல்வேலியில்தான் இறங்குவோம். தில்லியை அடுத்த நிலமெல்லாம் ஜன்னலில் ஓடி மறையும் காட்சியாகவே எங்களுக்கு இருந்துவந்தது.

ஓய்வு பெற்ற பின் ஒரு கேள்வி எழுந்தது. தில்லி வீட்டை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே தங்குவதா? எங்களுள் ஒருவர் திரும்பவேண்டும் என்றார். மற்றவர் தங்கவேண்டும் என்றார். யார் எந்தக் கட்சி என்பது நேயர்களுக்கு வேண்டாம். எங்களுக்கே சில நாட்களில் அது மாறிமாறி இருந்தது. முன்பணம் வாங்க நாளும் குறித்தாயிற்று. அதற்கு முன், சென்ற ஜனவரியில், எட்டு நாட்களுக்குக் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.

கேரவன் என்பது சக்கரம் பூட்டிய சிறு வீடு. பகலில் இருக்கை, இரவில் படுக்கை. ஓர் எரிவாயு அடுப்பு. ஒரு தண்ணீர்த் தொட்டி. எங்கள் பாட்டனார் காலத்தில் அரிசி மூட்டையும் பாத்திரங்களும் ஏற்றிக்கொண்டு கூண்டு வண்டியில் திருவிழாவுக்குப் போவார்களே, அதே ஏற்பாடுதான். மாடுகள் மட்டும் இல்லை. முறை வைத்து இருவரும் ஓட்டினோம். முதல் நாளே புளியோதரை கட்டிக்கொண்டோம்.

முதலில் சென்றது குருகிராம் மாவட்டத்துச் சுல்தான்பூர். பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆயினும் 1991-இல் தேசியப் பூங்காவாயிற்று. மூடுபனி விலகியதும் ஏரிக்கரையில் நீல்காய் மான்கள் நின்றன. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேர வழி. 33 ஆண்டுகளில் ஒருநாளும் வந்ததில்லை.

அடுத்து பரத்பூர். அங்குள்ள கேவலாதேவ் பூங்கா தன் நடுவேயுள்ள சிவன் கோயிலால் பெயர் பெற்றது. கேரவனை வாயிலில் நிறுத்திவிட்டுச் சைக்கிள் ரிக்ஷாவில் உள்ளே சென்றோம். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த நீர்நிலம் இயற்கையாக அமைந்ததன்று. 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த அஜான் அணையால் நீர் பெற்றது. பின்னர் அரசர்களின் வேட்டைக்களமாயிற்று. வைஸ்ராய் லின்லித்கோ வந்த 1938-ஆம் ஆண்டு வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன என்று அங்குள்ள கல்லில் பொறித்திருக்கிறது. அதே இடம் 1985-இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. எனினும் எல்லாம் மீண்டுவிடவில்லை. சைபீரியக் கொக்குகள் இங்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையின் குஞ்சுகள் சிறகடித்துப் பழகின. கரையில் வரித்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. இமயத்தைக் கடந்து வரும் இவ்வாத்துகளின் இனம் எங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கும் குளிர்காலத்தில் வருவதுண்டு. சிறு வயதில் அங்கே கண்டதை இங்கே கண்டபோது இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

பரத்பூரிலிருந்து சரிஸ்கா போகும் வழியில் கேரவனின் சக்கரம் மணலில் புதைந்தது. இருபுறமும் கடுகு வயல் மஞ்சளாய்ப் பூத்திருந்தது. ஒரு குடியானவர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். அவர் மனைவி கம்பு ரொட்டியும் மோரும் கொடுத்தார். கம்பின் மணம் எங்களுக்குப் புதிதன்று. எந்த ஊர் என்று கேட்டார். வழக்கம்போல் தமிழ்நாடு என்றோம். “இப்போது எங்கிருந்து வருகிறீர்கள்?” என்றார். தில்லி என்றோம். “அப்படியானால் பக்கத்து ஊர்தானே!” என்று கூறி இன்னொரு ரொட்டியை வைத்தார்.

அந்தச் சொல் எங்களை விடவில்லை. சரிஸ்காவில் புலியைக் காணவில்லை. 2005-இல் அக்காட்டில் ஒரு புலிகூட இல்லை என்று தெரியவந்தது. 2008-இல் ரணதம்போரிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று அங்கு உலவுகின்றன. வேற்றிடத்திலிருந்து வந்தவை என்று காடு அவற்றை ஒதுக்கவில்லை.

திரும்பியதும் வீடு விற்கும் நாளை ஓராண்டு தள்ளிவைத்தோம். முடிவு இன்னும் ஆகவில்லை. ஆனால் அதுபற்றி இப்போது சண்டையில்லாமல் பேசுகிறோம். எட்டு நாள் ஓர் அறையில் வாழ்ந்ததன் பயன் அது. பெங்களூரில் வாழும் நேயர்களுக்கு ரங்கனதிட்டு உண்டு. மும்பையில் வாழ்வோருக்குக் கர்னாலா உண்டு. கேரவன்தான் வேண்டுமென்பதில்லை, பேருந்தும் கட்டுச்சோறும் போதும். எங்களைப்போல் ஓய்வு பெறும்வரை காத்திராமல், வரும் ஞாயிற்றுக்கிழமையே புறப்படுங்கள்.