பழஞ்சோற்றுப் பானையில் ஒரு பேச்சு



தஞ்சைத் தரணியில் நடவுக்கும் அறுவடைக்கும் சென்ற நம் முன்னோர் விடியலில் உண்டது நீர் ஊற்றிய பழஞ்சோறு. அதைச் சொல்லியே நம்மை இழித்தனர். நம் பிள்ளைகள் தூக்குச்சட்டியை மறைத்துத் திறந்தனர். அப்பானைக்குள் நிகழ்வது என்ன?

கடலில் ஒளிரும் பாக்டீரியாவை 1970இல் ஆராய்ந்த நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர், அவை வெளிவிடும் வேதிப்பொருள் போதிய அளவு சேர்ந்த பின்னரே ஒளி தோன்றுகிறது எனக் காட்டினர். தனித்திருக்கையில் அடங்கியிருந்து, கூட்டம் பெருகியதும் ஒருங்கே செயற்படுகின்றன! சோற்றைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களிற் பலவும் சிறு புரதத் துணுக்குகளால் இவ்வாறே தம் பெருக்கத்தை உணர்பவை. பாலில் வாழும் அவற்றுள் ஒன்று ஆக்கும் நிசின், பகைக் கிருமிகளைக் கொல்லும். மேலும் நிசின் ஆக்குமாறு தன்னினத்திற்கு அறிவிக்கவும் செய்யும். பாலாடைக்கட்டி கெடாதிருக்க அதனையே சேர்க்கின்றனர்.

குளிர்ப்பெட்டியும் இப்பேச்சை அடக்கிவிடாது. குளிர் தாங்கும் செராஷியா வகை ஒன்றில் குறிப்புப்பொருளை ஆக்கும் மரபணுவை முடக்கினர். அக்கிருமி பாலைக் கெடுக்கவில்லை.

இத்தகைய உணவு ஆய்வுக்குரிய மத்திய நிறுவனமான நிப்டெம் தஞ்சாவூர்ப் புதுக்கோட்டைச் சாலையிலேயே உள்ளது. 2021இல் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அதன் பி.டெக். வகுப்பிற்கு ஜே.இ.இ. தேர்வு எழுதுதல் வேண்டும். மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுக்கத் தயங்கும் பிள்ளைகளின் பெற்றோர் இன்றே நம்மிடம் பேசுக.