அம்பாசடருக்கு எந்த பேக்கிங்?



"ஏதாவது பேசுப்பா, ஆனா பாடம் எடுத்துடாதே" என்று சங்கச் செயலாளர் அண்ணன் எச்சரித்திருக்கிறார். அதனால் கார் பற்றிப் பேசுகிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் தூங்கிய மார்க் 2 அம்பாசடரை நானும் சித்தப்பா மகனும் ஓட வைத்தோம். பெரியப்பாவுக்கு வயது எண்பது. ஒரே ஆசை, அந்த வண்டியிலேயே கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஒரு தரம் போய் வரணும். கல்வராயன் மலை ஏற்றத்தில், நடுவழியில் ஹெட் கேஸ்கட் போனால் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் கவலையெல்லாம் பட்டறைக்காரர்கள் 'பேக்கிங்' என்று சொல்லும் அந்த ஒரு தகடு மேலேதான்.

அது தாங்குகிற பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1489 சி.சி. எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ. எரியும்போது உச்ச அழுத்தம் சுமார் 40 பார் என்று வைத்தால், ஹெட்டை மேலே தள்ளும் விசை ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 1.7 டன்! பக்கத்திலேயே தண்ணீர்த் துளையும் எண்ணெய்த் துளையும். மூன்றும் கலக்கக்கூடாது.

கடையில் மூன்று விதம் காட்டினார்கள். ஒன்று, பழைய ஸ்டாக், செம்புத் தகட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ். இரண்டாவது, இரும்புத் தகட்டின் இருபுறமும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கலவை. மூன்றாவது, இன்றைய கார்களுக்கு வருகிற பல அடுக்கு எஃகு வகை மாதிரி வெட்டியது. "சார், விலை கூடினதுதான் நல்லது" என்றார் கடைக்காரர். அங்கேதான் நம்ம படிப்பு உதவியது. பல அடுக்கு எஃகுக்கு ஹெட்டும் பிளாக்கும் கண்ணாடி போல இருக்கணும். பரப்பின் சொரசொரப்பு ஒரு மைக்ரானுக்குள். நம்ம ஊர் லேத் பட்டறையில் பேசிங் போட்ட பழைய வார்ப்பிரும்புக்கு அது ஒத்துவராது. கலவை வகை கொஞ்சம் மெத்தென்று இருப்பதால் சின்னக் கீறல்களை நிரப்பிக்கொள்ளும்.

அம்பாசடரில் ஹெட்டும் பிளாக்கும் இரண்டுமே வார்ப்பிரும்பு. சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். பத்மினி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதில் ஹெட் அலுமினியம். 400 மி.மீ. நீளத்துக்கு 60 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அந்த உரசலைப் பேக்கிங்தான் தாங்கணும். எனவே நாங்கள் இரண்டாவது வகையையே வாங்கினோம். வெள்ளிமலைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியாச்சு. ரேடியேட்டரில் குமிழி இல்லை, எண்ணெய் மூடியில் வெள்ளை நுரை இல்லை.

வாங்கும்போது பெட்ரோலா டீசலா என்று சொல்லி வாங்குங்கள். பழைய அம்பாசடரில் இரண்டுக்கும் 1489 சி.சி.தான், ஏமாந்துவிடுவோம். பழைய தகட்டின் மேல் வைத்து ஒவ்வொரு துளையையும் ஒப்பிடுவது நல்லது.

இன்னொன்று, இதைத் தம்பிகள் மறக்கக்கூடாது. ஒரு பட்டறையில் பையன் ஒருவன் பழைய செம்பு பேக்கிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியை வாயால் ஊதினான். பிடித்து நிறுத்தினோம். ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் போய்த் தங்கினால் புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துக்கூட வரும். அந்தப் பையனுக்கு அப்போது யார் பதில் சொல்வது? தண்ணீர் தெளித்து நனைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிவிடுங்கள். ஏர் அடிக்கவே கூடாது.

மற்ற இடங்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். டாப்பெட் கவர், சம்ப் இரண்டுக்கும் கார்க் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் பிதுங்கி உடையும். ஹெட் நட்டை மட்டும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். சில நட்டுகள் ராக்கர் தூண்களையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆகவே ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கும்போது வால்வு இடைவெளியையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.