பக்கவாதம் கண்டவருக்கு வீடே பயிற்சிக்கூடம்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏரி, சாலை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று, நம் ஊர்களில் திண்ணையிலும் கட்டிலிலும் முடங்கிக் கிடப்போரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். பக்கவாதம் கண்டு உயிர் பிழைத்தவர்களையே குறிப்பிடுகிறேன்.

மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ இந்நோய் உண்டாகிறது. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். இதைப் பலர் அறிந்திருக்கிறீர்கள்.

ஆனால், உயிர் பிழைத்து வீடு திரும்பியவரின் கதி என்ன? நேற்று வரை மண்வெட்டி பிடித்த கை, இன்று சோற்றைப் பிசையவும் மறுக்கிறது. மனைவி ஊட்டுகிறாள், மகன் குளிப்பாட்டுகிறான். இவை அன்பினால் செய்யும் காரியங்களே. ஆயினும், அவர் தாமே செய்யக்கூடியதையும் பிறர் செய்துவிட்டால், உடல் மீண்டும் பழகுவதற்கு வாய்ப்பேது?

இங்கேதான் தொழில்வழிச் சிகிச்சை துணைக்கு வருகிறது. தொழில் என்றால் சம்பாத்தியம் மட்டுமன்று. உண்பது, உடுப்பது, குளிப்பது, சந்தைக்குப் போவது யாவும் மனிதனின் தொழில்களே. அவற்றை எஞ்சியுள்ள வலுவைக் கொண்டு மீண்டும் செய்யப் பழக்குவதே இச்சிகிச்சை.

இதன் பயனை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தில், மருத்துவமனையில் சேர்க்கப்படாமல் வீட்டிலேயே இருந்த 185 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 1999இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு ஐந்து மாதம் வரை சிகிச்சையாளர் வீடு தேடிச் சென்று பயிற்சி அளித்தார். ஆறாம் மாத முடிவில் அவர்கள் அன்றாடக் காரியங்களில் மேம்பட்டிருந்தனர். அவர்களைப் பேணியோரின் சுமையும் குறைந்திருந்தது. வெளியே செல்லத் தயங்கியவர்களைப் பற்றி அதே ஊரில் நடந்த மற்றோர் ஆய்வு 2004இல் வெளியாயிற்று. அதில் பங்குபெற்றோர் 168 பேர். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடப் பலமுறை வெளியே சென்றுவந்தனர்.

நம் நாட்டில் நடந்த ஆய்வையும் கேளுங்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவரே வீட்டில் சிகிச்சையைத் தொடரும்படி செய்தனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியை நாடி இருந்தவர்களும் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேராகவே இருந்தனர். பயிற்சியால் வேறுபாடு காணவில்லை.

இதனால் குடும்பத்தாரின் பணி வீண் என்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தின் நிலை வேறு, நம் நிலை வேறு என்பதும் உண்மையே. எனினும், முழுச் சுமையையும் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே நான் கொள்ளும் பாடம். பயிற்சி பெற்றவரின் கையும், ஊரின் கையும், வீட்டாரின் கையோடு சேர வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. சட்டை அணியும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. தோள் மூட்டு கெட்டுவிடும். நிமிர்ந்து உட்கார வைத்தே உணவு தர வேண்டும். விழுங்கும்போது புரையேறினால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். கரண்டிப் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினால் பிடிப்பது எளிதாகும். குளிக்க உறுதியான முக்காலியும், வழுக்காத தரையும் தேவை. அவர் மெதுவாகச் செய்தாலும் பொறுத்திருங்கள். பாதியில் பிடுங்கிச் செய்யாதீர்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! உங்கள் வார்டில் பக்கவாதம் கண்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்த மருந்தையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவர வழிவகுத்தது. அந்த உதவி அவர்களை எட்டியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளரை எங்கே காணலாம் என்றும் அங்கேயே கேளுங்கள். பொதுக் கழிப்பிடத்தில் ஒரு கைப்பிடி, கூட்டம் நடக்கும் இடத்தில் படிக்கு அருகே ஒரு சாய்தளம் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

விவசாயத் தோழர்களே! மாலையில் பேசிக்கொண்டிருக்கும் இடத்திற்கு அவரையும் அழைத்து வாருங்கள். விதை நெல்லைப் பற்றி அவருடைய யோசனையைக் கேளுங்கள். கை தளர்ந்தாலும், அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த அனுபவம் தளர்ந்துவிடவில்லை. அதை ஊர் இழக்கலாகாது.