கை செய்யும் பாடம்



"பையன் புத்தகத்தைத் தொடுவதில்லை, அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறான். இதுவும் ஒரு பாடமா, சார்?" என்று தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. பாடந்தான், அம்மா. எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு முறை எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அட்டையாலும் ஐஸ்கிரீம் குச்சிகளாலும் ஓர் இயந்திரக் கை செய்தார்கள். மருந்துக்கடையில் வாங்கிய, ஊசியில்லாத இரண்டு புதுச் சிரிஞ்சுகளை மீன்தொட்டிக் குழாயால் இணைத்து, உள்ளே நீர் நிரப்பினார்கள். ஒன்றை அழுத்தினால் மற்றதன் தண்டு வெளியே வந்து கையைத் தூக்க வேண்டும். ஆனால், கை எழவில்லை. எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. பிள்ளைகள் சோர்ந்து போனார்கள். எனக்கும் காரணம் விளங்கவில்லை.

மகனை அழைத்துப்போக வந்த டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளே வாங்க, அண்ணே" என்றேன். "நான் ஆறாம் வகுப்போட நின்னவன், சார்" என்று தயங்கினார். பிறகு வந்து, சிரிஞ்சை ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"உள்ளே காத்து இருக்கு, சார். பிரேக்குல காத்து பூந்தா இப்படித்தான் மெத்துன்னு போகும்."

வாளி நீருக்குள் எல்லாவற்றையும் அமிழ்த்தி, குமிழிகள் போகும் வரை பொறுமையாக இழுத்து அழுத்தி, மீண்டும் பூட்டினார். கை எழுந்தது! அந்தப் பையன் தன் தகப்பனாரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

காற்றை அழுத்தினால் சுருங்கிவிடும். நீர் அப்படிச் சுருங்குவதில்லை. அடைபட்ட நீரில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கூறிய விதி இது. மறுமுனையில் இரு மடங்கு பரப்புள்ள சிரிஞ்சை வைத்தால் விசையும் இரு மடங்காகும். ஆனால், இங்கே 4 சென்டிமீட்டர் அழுத்தினால் அங்கே 2 சென்டிமீட்டர்தான் நகரும். செம்பனைக் குலைகளை அள்ளும் டிராக்டரின் இரும்புக் கையும் இதே விதியில்தான், நீருக்குப் பதிலாக எண்ணெயால், இயங்குகிறது.

அட்டைக் கையை நாம் அழுத்துவதற்குப் பதிலாக ஒரு மோட்டாரும், அதற்கு ஆணையிடும் சிறு கணினிப் பலகையும் பொருத்தினால் அது ரோபோவாகிவிடும். 2012-ஆம் ஆண்டில் உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. அத்தகைய மேடைக்கு ஏறும் முதற்படி நம் வீட்டு அட்டைப் பெட்டிதான்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை ஏதேனும் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். கத்தியை நீங்கள் பிடியுங்கள். பயன்படுத்திய சிரிஞ்சு எங்கே கிடந்தாலும் தொடவிடாதீர்கள். செய்த பொருள் ஓடாவிட்டால் திட்டாதீர்கள், "ஏன் ஓடவில்லை?" என்று கேளுங்கள். "எனக்குப் படிப்பில்லையே" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். உங்கள் கைகள் அறிந்தவை பல, எங்கள் பாடநூலில் இல்லை.