பீரோவில் பந்து இருந்தால் பிள்ளை விளையாடுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, சங்கக் கடன், வங்கிக் கடன் என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு இன்னொரு பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். அது நம் பிள்ளைகளின் பணம். நம் ஊர் அரசு தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்க வருகிற பணம்.

2018ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபோது இதற்கென்று தனியாக நிதி ஒதுக்கினார்கள். ஆண்டுக்கு அரசு தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை என்று கணக்கு.

"ஐயாயிரம் ரூபாய் ஒரு பெரிய காசா?" என்று நீங்கள் கேட்கலாம். நாமெல்லாம் மாதம் 50 ரூபாய் போட்டு ஆரம்பித்தவர்கள்தானே! 60 பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்றால் தலைக்கு 83 ரூபாய் வருகிறது. யோசித்து வாங்கினால் அதில் நிறைய செய்யலாம். யோசிக்காமல் வாங்கினால் பீரோவுக்குள்தான் போகும்.

பல இடங்களில் நடப்பது என்ன? பந்து வாங்குவாங்க, கயிறு வாங்குவாங்க, இருப்புப் பதிவேட்டில் எழுதுவாங்க, பீரோவில் வைத்துப் பூட்டிடுவாங்க. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாமான் தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் தனியாக உடற்கல்வி ஆசிரியரும் கிடையாது. பாடம் நடத்துகிறவரே விளையாட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவருக்குப் பயம் போக வேண்டும் என்றால் நாம் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வருகிற அரசு நிதி எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது அந்தக் குழுவின் வேலை. பள்ளிக்கு விளையாட்டு இடம் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள் வேண்டும் என்றும் அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். தீர்மானம் எழுதுவதும் வரவு செலவு பார்ப்பதும் நமக்குப் புதிதா என்ன?

எப்படிச் செய்வது? முதலில் பணம் வந்ததா என்று கேட்கணும். எடுத்த எடுப்பில் தலைமை ஆசிரியரைச் சந்தேகப்படக் கூடாது. 2024-25ல் ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது நமக்குத் தெரியும். வரவில்லை என்றால் அதையும் கூட்டக் குறிப்பில் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாம். நம் ஊர் கிராம சபையிலும் வைக்கலாம்.

வந்திருந்தால், வாங்குவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கனமான வாலிபால் எதற்கு? மெத்தென்ற பந்து, ஸ்கிப்பிங் கயிறு, ரிங் பால் வளையம், கேரம் போர்டு, செஸ் போர்டு, காற்றடிக்கும் பம்பு, விசில் என்று பலர் ஒரே நேரத்தில் விளையாடுகிற சாமானாகப் பார்த்து வாங்கலாம். ஒரு கிரிக்கெட் மட்டையை ஏழெட்டுப் பையன்கள் பிடித்துக்கொண்டால் மற்ற பிள்ளைகள் வேடிக்கைதான் பார்க்கும். நொண்டிக்கும் கபடிக்கும் கோடு போடச் சுண்ணாம்புத் தூள் போதும்.

வாங்கிய பிறகு, எந்த வகுப்புக்கு எந்த நாள் எந்தச் சாமான் என்று அட்டை எழுதிச் சுவரில் ஒட்டணும். பந்து தேயும், கயிறு அறும். "பயன்படுத்தித் தேய்ந்தது" என்று மேலாண்மைக் குழுவே பார்த்துத் தீர்மானத்தில் எழுதிவிட்டால் ஆசிரியருக்கும் பயம் இருக்காது. தேய்ந்த பந்துதான் நன்றாகப் பயன்பட்ட பந்து!

இங்கிலாந்திலும் 2013 முதல் தொடக்கப் பள்ளிகளுக்கு விளையாட்டு நிதி கொடுத்தார்கள். அதை எப்படிச் செலவழித்தோம், பிள்ளைகளுக்கு என்ன பயன் கிடைத்தது என்று பள்ளியே வெளியிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். நம் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் நாலு வரி எழுதி வைக்கலாமே.

சகோதரிகளே, முக்கியமானதை இப்போது சொல்கிறோம். ஐந்தாம் வகுப்பு வந்ததும் பெண் பிள்ளையை "ஓடாதே, குதிக்காதே" என்று உட்கார வைப்பது யார்? பல வீடுகளில் நாம்தான். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் நாம் சின்ன வயதில் ஓடிய வெட்டவெளி எத்தனையோ இன்று வீட்டுமனை. அம்மா கம்பெனி வேலைக்குப் போய்விட்டால், பள்ளி விட்டு வந்த பிள்ளை டி.வி. முன்னாலோ செல்போனோடோதான் உட்காருகிறது. 5 முதல் 17 வயது வரை பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

நம் சென்னையையே பாருங்கள். காசிமேடு பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் நம் நாட்டுப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடினார் கண்ணகி நகர் கார்த்திகா. ஒருவருக்குக் கேரம் பலகை, இன்னொருவருக்குக் கோடு போட்ட களம். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கப் போவதில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பந்து கைக்கு வர வேண்டும்.

ஆகவே அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் இரண்டு அம்மாக்களாவது போக வேண்டும். மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டு விளையாட்டு நிதி வந்ததா? என்ன வாங்கினோம்? போன வாரம் எத்தனை பெண் பிள்ளைகள் விளையாடினார்கள்? பதிலைக் குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதம் இங்கே கொண்டு வாருங்கள். ஊர் ஊராகப் படித்துப் பார்ப்போம்.