முதியோர்க்குப் பொன்னாடை மட்டும் போதுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கொல்கத்தா வாழ் தமிழன்பர்களே!

சற்று முன்னர் இம்மேடைக்கு நம் முதியோரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம்; கைதட்டி மகிழ்ந்தோம். மிக நன்று. ஆயினும், ஆண்டுக்கு ஒரு நாள் நாம் மேடையில் அமர்த்தும் இப்பெரியோர் எஞ்சிய நாட்களை எங்கே, எவ்வாறு கழிக்கின்றனர்? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இந்நகரத்துத் தமிழ் முதியோர் இரு வகையினர். இளமையில் வேலை தேடி வந்து, அலுவலகங்களில் கணக்கெழுதி உழைத்து, லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வேரூன்றியவர்கள் ஒரு வகையினர். வங்க மொழி இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிட்டனர். பேச்சுத் துணையாக இருந்தவர்களும் ஒவ்வொருவராய் ஊர் திரும்பிவிட்டனர். துணைவரை இழந்த பின்னர், மகனையோ மகளையோ நம்பி எழுபது வயதில் இங்கு வந்தவர்கள் மற்றொரு வகையினர். அடுக்குமாடி வீட்டின் பலகணியே இவர்களுக்கு உலகம். அமர்ந்து பேசத் திண்ணை இல்லை. எதிர்வீட்டாரிடம் பேச மொழி இல்லை.

இவர்களுக்கு உணவிலும் மருந்திலும் நாம் குறை வைப்பதில்லை. ஆனால் வெளியே செல்வதற்கும் புதிதாக ஒன்றைக் கற்பதற்கும் வழி செய்தோமில்லை. இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. மகனும் மருமகளும் அலுவலகம் சென்றிருக்கும் ஒரு நண்பகலில் நம் மூதாட்டி ஒருவருக்கு நெஞ்சில் வலி தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, ‘புகே பேத்தா’ என்னும் இரண்டு வங்கச் சொற்களைச் சொல்லத் தெரிந்திருந்தால் உதவி உடனே ஓடிவரும். அவ்விரண்டு சொற்களை நாம் அவருக்குக் கற்பித்தோமா?

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். உலகம் இதற்கு விடை கூறிவிட்டது. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் 1973ஆம் ஆண்டில் பேராசிரியர் பியர் வெல்லா முதியோர்க்கென ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். பின்னர் அம்முயற்சி இங்கிலாந்தில் வேறொரு வடிவம் கொண்டது. அங்கே முதியோரே ஆசிரியர், முதியோரே மாணவர். தாம் அறிந்ததைப் பிறர்க்குக் கற்பித்து, அறியாததைப் பிறரிடம் கற்கின்றனர். தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை.

நம் நகரமும் வாளாவிருக்கவில்லை. தனித்து வாழும் முதியோர்க்கென்று கொல்கத்தாக் காவல்துறை, ‘தி பெங்கால்’ என்னும் தொண்டு நிறுவனத்துடன் இணைந்து 2009ஆம் ஆண்டில் ‘பிரணாம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நியூ டவுனில் ‘ஸ்வப்ன போர்’ என்னும் முதியோர் பூங்கா இருக்கின்றது. ஆனால் வங்க மொழி அறியாத நம் முதியோர் அங்கே தாமாகச் சென்று கலந்து பழகுதல் எளிதன்று. அவர்கள் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பாலமாக நம் சங்கம் அமைதல் வேண்டும்.

எனவே, மாதம் ஒரு சிற்றுலா, வாரம் ஒரு வகுப்பு என்று தொடங்குவோம்.

முதல் உலா சிவபூர்த் தாவரவியல் பூங்காவிற்கு அமையட்டும். 1787ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அப்பூங்காவில் 250 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஆலமரம் ஒன்று உண்டு. 1864, 1867ஆம் ஆண்டுகளின் பெரும்புயல்களில் அது அடிபட்டது. காளான் நோய் பற்றியதால் 1925ஆம் ஆண்டில் அதன் அடிமரமே அகற்றப்பட்டது. எனினும் ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் அது இன்றும் தழைத்து நிற்கின்றது. அம்மரத்தை நம் முதியோர் கண்டு மகிழட்டும்!

அடுத்து, காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் மாறினால், ஹூக்ளி ஆற்றின் அடியில் அமைந்த சுரங்கத்தின் வழியே ஹௌரா செல்லலாம். 2024 மார்ச்சு மாதத்தில் மக்களுக்குத் திறக்கப்பட்ட வழி அது. ஏறத்தாழ 520 மீட்டர் அகலமுள்ள ஆற்றை வண்டி முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகின்றது. படகில் ஆறு கடந்த தலைமுறை, ஆற்றின் கீழே செல்லும் விந்தையைக் கண்டு வீடு திரும்பினால், அன்றிரவு பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களிடம் ஒரு புதுக்கதை இருக்கும்.

பனிக்காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை அரைநாள் உலாக்களே போதும். முதியோர் இருவர்க்கு ஓர் இளைஞர் துணை வேண்டும். படிக்கட்டு எத்தனை, கழிப்பறை எங்கே, அமர இடம் உண்டா என்பவற்றை முன்னரே ஒருவர் சென்று பார்த்து வருதல் வேண்டும்.

வகுப்பில் இலக்கணம் வேண்டா. மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் பேருந்திலும் பேச வேண்டிய வங்க வாக்கியங்கள் போதும். கைப்பேசி வழியே பணம் பறிக்கும் வஞ்சகர் முதியோரையே குறிவைப்பதால், முன்பின் அறியாதவர்க்கு இரகசிய எண்ணைச் சொல்லலாகாது என்பதையும், ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் தமிழில் விளக்குவோம். மறுவாரம் அம்முதியோரே நம் சிறுவர்க்குத் தமிழ் எழுத்தும் கதையும் கற்பிக்கட்டும். கற்பவரே கற்பிப்பவராகவும் இருந்தால் அவ்வகுப்புக்கு நாணமின்றி வருவர்.

இல்லத்தரசியர்க்கும் மைந்தர்க்கும் ஒரு வார்த்தை. “எங்கேனும் விழுந்துவிடுவீர்கள், வீட்டிலேயே இருங்கள்” என்று அன்பினாலேயே சொல்கிறோம். ஆனால் நாள்தோறும் அதைக் கேட்பவர்க்கு அவ்வன்பே சிறையாகிவிடுகின்றது. நடவாத கால் வலுவிழக்கும். பேசாத நாவும் அத்தகையதே. துணை கொடுத்து அனுப்புங்கள், தடுத்து நிறுத்தாதீர்கள்.

முதியோர்க்கும் ஒரு விண்ணப்பம். “எனக்கென்ன இனி?” என்று கூறாதீர்கள். உங்களுள் ஒருவர் புறப்பட்டால், தயங்கி நிற்கும் பிறர் நால்வரும் புறப்படுவர்.

பெரும்பொருள் இதற்குத் தேவையில்லை. அடுத்த ஆண்டுப் பொன்னாடைச் செலவைக் கொண்டே முதல் உலாவை நடத்திவிடலாம். உடன்வர இசையும் இளைஞர்கள் இன்றிரவே செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு விழாவில் நம் முதியோர் பொன்னாடை பெறுவதற்காக மட்டுமன்றி, தாம் கண்டதையும் கற்றதையும் எடுத்துரைப்பதற்காகவும் இம்மேடை ஏறுவார்களாக!