மூன்றாம் எந்திரனும் முதற் கேள்வியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வையம் நியாயமானதே. ஆயினும் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எழுத்தாளரின் மேசையில் பிறந்தது. அவ்வெழுத்தாளர் பயின்ற இடமோ இவ்வூரின் வாசலிலேயே இருக்கிறது.

தாம்பரத்தில் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. அங்கே 1949-இல் சி. ராஜம் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியை ஊரார் எம்.ஐ.டி. என்றே அழைப்பர். ஐம்பதுகளில் அங்கே விமானப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம் பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். மின்னணுவியல் பயின்ற எஸ். ரங்கராஜன் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்கு எந்திரம் உருவாவதில் பங்கேற்றார். மாலை வேளைகளில் சுஜாதாவாக இருந்தார்.

அந்தச் சுஜாதா எண்பதுகளில் எழுதிய 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரண்டும் பேசும் எந்திர நாய் ஒன்றைத் தமிழ் வீடுகளுக்குள் அழைத்து வந்தன. நிலா என்னும் பெண்ணும் ஜீனோ என்னும் நாயும் வாழ்ந்த அக்கற்பனைக் காலத்தை இன்று நாட்காட்டி கடந்துவிட்டது. ஜீனோ மட்டும் பழையதாகவில்லை. ஷங்கரின் இயக்கத்தில் 2010 அக்டோபர் 1-ஆம் நாள் 'எந்திரன்' வெளிவந்தபோது, தமிழ் வாசகர்கள் சிட்டியின் முகத்தில் ஜீனோவின் சாயலைக் கண்டனர். அதைக் காணச் சுஜாதா இல்லை. 2008 பிப்ரவரி 27-ஆம் நாளே அவர் மறைந்துவிட்டார். உரையாடலில் அவர் பெயரோடு ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோரின் பெயர்களும் இடம்பெற்றன. எட்டாண்டுகளுக்குப் பின், 2018 நவம்பர் 29-ஆம் நாள், '2.0' வந்தது. அதில் ஷங்கருடன் இணைந்து எழுதியவர் ஜெயமோகன். அதில் எமி ஜாக்சன் ஏற்ற எந்திரப் பெண்ணின் பெயர் நிலா. தற்செயலோ, நன்றிக்கடனோ, அப்பெயர் பழைய வாசகர்களின் செவியில் இனிமையாகவே விழுந்தது.

மூன்று அணிகள்

படங்கள் இரண்டே. அவற்றைப் பற்றிய வழக்கோ இன்னும் முடியவில்லை. மூன்றாவது படம் வருமா, வரவேண்டுமா, வந்தால் எப்படி வரவேண்டும் என்னும் வழக்கு அது. தேநீர்க் கடையிலும் ரயில் பெட்டியிலும் ரசிகர்கள் அதை நடத்தும்போது மூன்று அணிகள் தாமாகவே பிரிந்துவிடுகின்றன.

முதல் அணிக்குச் சிட்டி என்றால் ரஜினிகாந்த். அவரின்றி எந்திரன் இல்லை. அவர் எழுபதைக் கடந்துவிட்டார் என்றால், எந்திரத்துக்கு மூப்பு ஏது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். இதை வெறும் நடிகர் பற்று என்று தள்ளிவிட இயலாது. வசீகரன், சிட்டி, சிவப்புச் சில்லுப் பொருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு என மூன்று குணங்களை ஒரே முகத்தில் காட்டியதால்தான், படைத்தவனும் படைப்பும் ஒருவரையொருவர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அக்கதை அமைந்தது.

இரண்டாம் அணியினர் இளையவர்கள். அவர்கள் குட்டியின் பக்கம். '2.0'-வின் இறுதியில் தோன்றிய நுண்ணெந்திரக் கூட்டமே மூன்றாம் பதிப்பு. கதவு திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. புதிய முகங்களோடும் புதிய தொழில்நுட்பத்தோடும் உள்ளே நுழைய வேண்டியதுதான் என்பது அவர்கள் வாதம்.

மூன்றாம் அணி சிறியது, பெரும்பாலும் வாசகர்களால் ஆனது. சுஜாதாவோடு கதை முடிந்தது. 'எந்திரன்' காட்டிய அருங்காட்சியகத்திலேயே சிட்டி உறங்கட்டும் என்பார்கள் அவர்கள்.

மூன்று அணிகளுமே ஓர் உருவத்தைப் பற்றி வழக்காடுகின்றன. முதல் அணி முகத்தையும், இரண்டாம் அணி அளவையும், மூன்றாம் அணி நினைவையும் காக்க முயல்கின்றன. உருவம் தொடர்வது எளிது. 2011-இல் 'ரா.ஒன்' என்னும் இந்திப் படத்தில் சிட்டி சிறிது நேரம் வந்து போனதே! ரசிகர் மகிழ்ந்தனர். ஆனால் அதனால் சிட்டியின் கதை ஓரடியும் நகரவில்லை. தொடர்கதையைத் தொடரச் செய்வது உருவமன்று; விடை கிடைக்காமல் நிற்கும் ஒரு கேள்வி.

முதற் கேள்வி

'எந்திரன்' எழுப்பிய கேள்வி எது? படத்தில் ஒரு தீ விபத்து வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி நெருப்பிலிருந்து மீட்டு, ஆடையின்றி ஊரார் முன் கொணர்கிறது. உயிரைக் காத்துவிட்டதாக அது எண்ணுகிறது. நாணம் தாளாத அப்பெண் ஓடிச் சென்று வண்டியில் அடிபட்டு மடிகிறாள். எந்திரத்தின் கணக்கில் பிழையில்லை. ஆனால் மானம் என்றொரு மதிப்பு அக்கணக்கில் ஏறவேயில்லை. அதன் பிறகே வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சியைக் கற்பிக்கிறான். கற்பித்ததன் விளைவாகக் காதலும், காதலின் விளைவாகப் பேரழிவும் வருகின்றன.

இறுதியில் நீதிமன்றத்தின் ஆணைப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது. 2030-ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில் ஒரு குழந்தை காரணம் கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்னும் பொருளில் விடை வருகிறது. பொருளியலோ போரோ அன்று, பொறுப்பே அங்குள்ள பொருள். அறிவைக் கொடுத்தவன் அவ்வறிவின் விளைவுக்கு எவ்வளவு கடன்பட்டவன்? இதுவே முதற் கேள்வி.

தமிழுக்கு இக்கேள்வி புதிதுமன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி செய்து, கருவுற்றிருந்த விசயையை அதில் ஏற்றி அனுப்புகிறான். கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு அரசி மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. பொறி பழுதுபடவில்லை; செலுத்தியவளின் நெஞ்சு தளர்ந்தது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடித்ததும் ஓர் எந்திர யானையே. யாழிசையால் யானையை அடக்கவல்ல அவன் அன்று ஏமாந்தது, அதன் வயிற்றில் மனிதர் இருந்ததால். பொறியைப் பாடிய புலவர்கள் பொறியினுள் மனிதனையே தேடினர்.

பறவைகளின் வழக்கு

இரண்டாம் படம் அக்கேள்வியை விரிவாக்க முயன்றது. கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதாகக் கருதிய பக்ஷிராஜன் என்னும் பறவையியலாளர் ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். பின்னர்ப் பழிவாங்க வருகிறார். அக்‌ஷய் குமார் ஏற்ற அப்பாத்திரத்தின் துயரம் பலர் நெஞ்சைத் தொட்டது. படத்தின் பறவைப் பாடலை எழுதிய நா. முத்துக்குமார், படம் வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 2016 ஆகஸ்டில், மறைந்துவிட்டார் என்பது அத்துயரத்தோடு சேர்ந்துகொண்டது.

ஆயினும் துயரம் மெய்யாயிருப்பது வேறு. காரணம் மெய்யாயிருப்பது வேறு. படம் வெளிவருமுன்பே கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. தன்னலம் கருதிய முறையீடு என்று அதை ஒதுக்கலாம். ஆனால் 2020-இல் பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் தொகுத்து ஆய்வு நிறுவனங்கள் வெளியிட்ட இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும், சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் நோக்குங்கால் பெரிதும் நிலையாகவே இருக்கிறது என்றும், கோபுரங்களோடு அதைத் தொடர்புபடுத்த உறுதியான சான்றில்லை என்றும் கூறிற்று. அறிவியற் கதை கற்பனை செய்யலாம். செய்த கற்பனையை நடந்த உண்மையாகத் தன் பார்வையாளரிடம் ஒப்படைக்கும்போதுதான் இடறுகிறது.

பறவைகள் குறைவதன் காரணத்தை அறியத் தென்சென்னையார் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிச் சாலையில் சேலையூர், மேடவாக்கம் கடந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பூநாரையும் கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் வரும் நீர்ப்பரப்பு அது. அதன் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. சாலைகளும் குடியிருப்புகளும் கணினி நிறுவனங்களின் கட்டடங்களும் அதன் விளிம்பை ஆண்டுதோறும் உள்ளே தள்ளின. தென்புறநகரின் மழைநீரைத் தாங்கி ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் நோக்கி அனுப்பும் அந்நிலம் சுருங்கச் சுருங்க, நீர் வீடுகளைத் தேடி வந்தது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் இப்பக்கத்தார் மறக்கமாட்டார். 2022-இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் ஏறியது ஓர் ஆறுதல்.

இங்கே பறவையின் பகைவன் யார்? கோபுரத்தின் உச்சியில் இருக்கும் ஒருவனல்லன். வீடு வேண்டுமென்று விழைந்தவர், குப்பை தெருவைவிட்டுப் போனால் போதுமென்று நினைத்தவர், வேலை நாடி வந்தவர் எல்லாரும் சேர்ந்தே அவ்விளிம்பைத் தள்ளினர். ஒரே வில்லனைக் காட்டும் கதை பார்வையாளரை விடுவிக்கிறது. மெய்யான காரணம் அவரையும் கூண்டில் நிறுத்துகிறது.

குட்டியின் கடன்

இனி, இளைய அணியினர் போற்றும் குட்டிக்கு வருவோர் ஒரு காட்சியை மறந்துவிடுகின்றனர். மூன்றாம் பதிப்பு எப்படி வெல்கிறது? புறாக்களின்மேல் ஏறி வந்து, சரணடையாவிட்டால் இப்புறாக்கள் மடியும் என்று பக்ஷிராஜனை மிரட்டி வெல்கிறது. பறவைகளுக்காக அழுத படம், பறவைகளைப் பிணையாக வைத்து முடிகிறது! திரையரங்கில் கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்குள் ஒரு கடன் புதைந்திருக்கிறது.

மூன்றாம் படம் ஒன்று வருமானால் அது தொடங்க வேண்டிய இடம் அதுவே. வெல்வதற்காகப் புறாவின் உயிரைப் பேரம் பேசியது குட்டிக்கு உறுத்துகிறதா? உறுத்தவில்லையெனில், தீயிலிருந்து பெண்ணை மீட்ட முதற் சிட்டிக்குப் பின் எந்திரம் எதையும் கற்கவில்லை. உறுத்துமெனில், அதுவே கதை. அதற்குப் பல நூறு கோடி வேண்டியதில்லை.

இவ்வாறு வேருக்குத் திரும்பித் தழைத்த தொடர் உலகில் உண்டு. 1954-இல் பிகினித் தீவருகே நடந்த அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீனவர்மேல் விழுந்தது. அவ்வாண்டே இஷிரோ ஹோண்டாவின் 'காட்ஸில்லா' பிறந்தது. பின்னர் அவ்விலங்கு பிற விலங்குகளோடு மல்லுக்கு நின்று, சிறுவரின் தோழனாகவும் ஆயிற்று. 2023-இல் தகாஷி யமசாகி அதைப் போர் முடிந்த ஜப்பானுக்கே திருப்பி அழைத்துச் சென்று, சாகாமல் தப்பிய ஒரு வீரனின் குற்றவுணர்வின் முன் நிறுத்தினார். அடுத்த ஆண்டு காட்சி உத்திக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிட்டியது. ஏறத்தாழ எழுபதாண்டுத் தொடர் இளமை பெற்றது, பழைய கேள்வியைப் புதிய நாவால் கேட்டதால்.

தமிழில் இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. சுஜாதாவின் பங்களிப்போடு 1986-இல் வந்த 'விக்ரம்', அக்னிபுத்திரன் என்னும் ஏவுகணையைச் சுற்றி அமைந்தது. நாட்டின் அக்னி ஏவுகணை பறந்தது 1989-இல். 2022-இல் அதே பெயரும் அதே நாயகனும் மீண்டு வந்து பெருவெற்றி பெற்றனர். ஏவுகணை வரவில்லை. வெற்றியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அறிவியற் கதையின் இழை அங்கே அறுந்தது.

கவிஞர்க்கு ஒரு சொல்

கவிஞர்களுக்கு இதில் என்ன பங்கு? 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்ட மாத்திரத்தில் தமிழில் செய்யுள் போன்ற ஒன்றைப் புனைந்து தரும் கணினி நிரல்கள் வீடுதோறும் வந்துவிட்டன. எதுகை தருகிறது, உவமையும் தருகிறது. தீயிலிருந்து பெண்ணை மீட்ட சிட்டியைப்போல், கணக்கில் பிழையின்றித் தருகிறது. எங்கே நாணம் கொள்ள வேண்டும், எந்தச் சொல்லை எழுதாமல் விடவேண்டும் என்பதே அதற்கு எட்டாதது. முதற் கேள்வி இப்போது திரையிலன்று, கவிஞரின் மேசைமீதே அமர்ந்திருக்கிறது.

ஆதலால் சிட்டியின் எதிர்காலத்தை நடிகரின் வயதும் தயாரிப்பாளரின் பணமும் மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. ஜீனோவை முதலில் படமாக்கியது வாசகரின் மனம். அவ்வாசகர் குறையுமளவு, இயக்குநர் எத்தனை திறமையுடையவராயினும், எடுத்தாளக் கதை இராது. எழுதுவோர் குரோம்பேட்டையிலிருந்தும் வரலாம்; பள்ளிக்கரணையின் கரையில் ஒரு காலைப்பொழுது நின்று, பூநாரைகளையும் குப்பைப் புகையையும் ஒருசேரப் பார்த்த யாரேனும் ஒருவராகவும் இருக்கலாம்.

'எந்திரன்' குறித்த 2030-ஆம் ஆண்டு அருகில் வந்துவிட்டது. அருங்காட்சியகத்துக் குழந்தையின் வயதையொத்த பிள்ளைகள் இன்று தாம்பரத்துத் தெருக்களில் பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்கள் வந்து கேட்கும் நாளில், எந்திரம் ஏன் சிந்தித்தது என்பதோடு, மனிதர் ஏன் சிந்திக்காதிருந்தனர் என்றும் கேட்பர். அதற்கு விடை எழுதி வைக்கும் கடமை இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு உரியது.